ஆரஞ்சு மிதவைப் பை: அலை ஏறிய கடலில் நீண்ட நாள் அனுபவம்

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தத் தயாராகும் நண்பர் ஒருவர், "நீங்க இடுப்புல கட்டிட்டுப் போற அந்த ஆரஞ்சுப் பையை நானும் வாங்கலாமா?" என்று கேட்டார். அதே வாரம்தான் அதற்கு ஒட்டுப் போட்டு வாங்கி வந்திருந்தேன். அதனால் பதில் கொஞ்சம் சூடாகவே இருக்கும்.

என்னுடையது 28 லிட்டர் பை, நடுவில் சாமான் வைக்கும் அறையோடு வரும் ரகம். வால்வு வழியே ஊதி, இடுப்பு பெல்ட்டிலிருந்து ஒரு வாரால் பின்னால் இழுத்துப் போக வேண்டும்; நீந்துகிறவர் இருக்கும் இடத்தை அது மிதந்து படகுகளுக்குக் காட்டும். நேரே கடல்காற்றில் அது படுத்தும் பாட்டுக்கு வருகிறேன்.

பாக் நீரிணையில் அந்தத் தூரம் சுமார் 30 கிலோமீட்டர். கடல் தணிந்திருக்கும் மார்ச், ஏப்ரலில் நாள் பார்த்து இறங்கினாலும், பாதி வழியில் காற்று எழும்பினால் அதற்குள்ளேயேதான் நீந்தியாக வேண்டும். 1966 ஏப்ரலில் நீச்சல் வீரர் மிகிர் சென் அங்கே 25 மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் இருந்தார். விடிகாலையில் எண்ணெய் மாதிரி கிடக்கும் கடலில் மட்டும் பழகினால் அதற்குப் போதாது. அதனால் நாங்கள் சென்னையில் நீலாங்கரைப் பக்கம் வேண்டுமென்றே தாமதமாக இறங்குவோம். வெயில் ஏறி, தென்கிழக்கிலிருந்து கடல்காற்று அடித்து, அலை நுனி வெள்ளையாக உடையத் தொடங்கும் நேரம் அது.

தெற்கே போகும்போது பை சமர்த்தாகப் பின்னால் வரும். வடக்கே திரும்பியதும் ஆரம்பிக்கும் தொல்லை. காற்று முதுகுப் பக்கம் வந்துவிடும். ஒவ்வொரு அலையும் பையைத் தூக்கிக் கெண்டைக்காலில் போடும், அடுத்தது முதுகில் போடும். ஒரு பக்கமாக அது முந்திப் போனால் இடுப்புத் திருகி, கை வீச்சு கோணலாகிவிடும். வாரைக் குட்டையாக்கினால் கால் உதைக்கும்போதெல்லாம் பையில் இடிக்கிறது. நீளமாக விட்டால் முழங்கையில் சுற்றுகிறது. பைக்குள் இருக்கும் காற்றைப் பாதியாகக் குறைத்தால் இந்தத் தொல்லை உண்மையிலேயே அடங்குகிறது. ஆனால் பை தொய்ந்து தண்ணீரோடு படுத்துவிடும், தூரத்திலிருந்து தெரியாது. உயரமாக நின்றால்தான் அந்தப் பையால் பயன், அந்த உயரத்தைத்தான் காற்றும் பிடித்து இழுக்கிறது. இத்தனை நாளில் இதற்கு ஒரு முடிவு எனக்குக் கிடைக்கவில்லை.

பெல்ட் இன்னொரு கொடுமை. உப்புத் தண்ணீரில் மணிக்கணக்கில் உரசி, இடுப்பெலும்பு மேல் தோல் உரிந்துவிடும். அக்குளுக்கும் கழுத்துக்கும் வாசலின் தடவுகிறவர்கள் அந்த இடத்தை மறந்துவிடாதீர்கள்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். வலை இழுத்துக்கொண்டு கரைக்குத் திரும்பிய ஃபைபர் படகு ஒன்று, ஒரு நாள் நேராக என்னை நோக்கி வந்தது. நான் மூச்சுக்குத் தலை திருப்பியபோதுதான் பார்த்தேன். அதற்குள் எஞ்சின் சத்தம் தணிந்து, படகு பக்கவாட்டில் ஒதுங்கிப் போனது. கரையில் பார்த்தபோது அந்த அண்ணன் சொன்னார்: "தலை தெரியவே இல்ல தம்பி, அலையில மறைஞ்சிருச்சு. பலூன்தான் தெரிஞ்சது." அந்தப் பை இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. களைத்தபோது அதன் மேல் கையைப் போட்டு மூச்சு வாங்கவும் முடியும். ஆனால் உயிர்காப்புச் சட்டைக்கு அது ஈடாகாது. நினைவிழந்தால் அது உங்கள் முகத்தைத் தண்ணீருக்கு மேலே பிடித்து வைக்காது.

ரிப்பேர் கதைக்கு வருவோம். வால்வைச் சுற்றியிருந்த ஒட்டு விட்டுப்போய், மெல்ல மெல்லக் காற்று இறங்கியது. விற்றவர்கள் கையை விரித்துவிட்டார்கள். பஞ்சர் கடைக்காரர் விரலால் தேய்த்துப் பார்த்து, "இது ரப்பர் இல்ல சார், பிவிசி. நம்ம சொல்யூஷன் பிடிக்காது" என்று திருப்பித் தந்தார். கடைசியில் ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் வேலை செய்யும் பையன்தான் வழி செய்தான். பேனர்த் துண்டு ஒன்றை வட்டமாக வெட்டி, சூடான காற்று அடிக்கும் துப்பாக்கியால் இளக்கி, சின்ன ரோலரால் அழுத்தி ஒட்டினான். கம்பெனி போட்ட ஒட்டைவிட அது நன்றாக நிற்கிறது.

இப்போது நண்பருக்குப் பதில். இந்தப் பையை வாங்காதீர்கள். படகைத் திருப்பிய பைதான், மறுக்கவில்லை. ஆனாலும் அலையடிக்கும் நாளில் இதை இழுத்துக்கொண்டு வடக்கே திரும்பும் எரிச்சலை இன்னொருவருக்குச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை. நீரிணையில் இறங்கும் நாளில் துணைப்படகு கூடவே வரும், பை தேவைப்படாது. பயிற்சிக்குத்தானே? சாமான் அறை இல்லாத சின்னப் பையாக, தனித்தனியாக இரண்டு காற்றறை உள்ளதாகப் பாருங்கள். வாங்கியதும் நிறைய ஊதி, வால்வுப் பக்கத்தை பக்கெட் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். ஒரு குமிழி வந்தாலும் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.