விண்டோஸ் 11: மேலேற்றமா, புதிதாக நிறுவுவதா?

பாளையங்கோட்டைப் பக்கம் வில்லுப்பாட்டும் கோயில் கொடைப் பாட்டும் பதிவு செய்யும் தம்பிகள் அடிக்கடி கேட்பது இது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. 11-க்கு எப்படிப் போவது? இருப்பதன் மேலேயே மாற்றுவதா (மேலேற்றம்), அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவதா?

நேரம்: மேலேற்றம் ஒரு பொழுதில் முடியும். புதிதாக நிறுவினால், பிளகின்களை (ஒலிப்பதிவு மென்பொருளோடு சேரும் துணை மென்பொருள்கள்) திரும்ப ஏற்றவே இரண்டு நாள் ஆகலாம்.

மென்பொருள்: மேலேற்றத்தில் கியூபேஸ் என்ற ஒலிப்பதிவு மென்பொருள், பிளகின், கோப்புகள் எல்லாம் அப்படியே இருக்கும். புதிதாக நிறுவினால் சி டிரைவ் காலி. உரிமம்தான் பெரிய தலைவலி. கணினியோடு பிணைந்த ஐலாக் (மென்பொருள் உரிமங்களை நிர்வகிக்கும் முறை) உரிமங்களை, டிரைவை அழிக்கும் முன்பே டீஆக்டிவேட் செய்து விடுவித்துவிடுங்கள். யுஎஸ்பி சாவியில் இருப்பவை தப்பிக்கும். நான் ஒருமுறை இதை மறந்து, ஒரு வாரம் மின்னஞ்சல் எழுதி அலைந்தேன்.

பின்வாங்க: மேலேற்றியவர்கள் 10 நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம். புதிதாக நிறுவியவர்களுக்கு அந்த வழி கிடையாது.

சுத்தம்: புதிய நிறுவல்தான், சந்தேகமே இல்லை.

எதைச் செய்தாலும் முதலில் வெளி டிஸ்கில் முழு இமேஜ் (டிஸ்கின் அச்சு அசலான நகல்) எடுங்கள். மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு 11-க்கான டிரைவர் உண்டா என்றும் பாருங்கள்.

கொடை நேரம், கையில் வேலை நிறைய என்றால் மேலேற்றம் போதும். பதிவில் டிக் டிக் சத்தம், அடிக்கடி உறைந்து நிற்கிறது என்றால், வேலை குறைந்த மாதத்தில் புதிதாக நிறுவுங்கள்.