மாண்டிசோரியா, எல்.கே.ஜி.யா?

மூன்று வயது நிரம்பிய மகளை மாண்டிசோரி வகுப்பில் சேர்த்திருப்பவன் என்பதால், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டணம், தொலைவு, வேன் வசதி ஆகியவற்றில் பெரும்பாலும் எல்.கே.ஜி.யின் கையே ஓங்கியிருக்கும். அதை விவாதிக்க வேண்டியதில்லை. பாட்டு, கதை, கூடி விளையாடுதல் ஆகியவை இரண்டிலும் உண்டு.

என்னை முடிவெடுக்க வைத்தது, குழந்தையின் பிழையை அதற்கு யார் காட்டுகிறார்கள் என்ற ஒரே கேள்விதான். எல்.கே.ஜி.யில் அது ஆசிரியரின் சிவப்பு மை. ஆகவே ஓர் எழுத்தை எழுதி முடித்ததும் குழந்தை தாளைப் பார்ப்பதற்கு முன் ஆசிரியரின் முகத்தைப் பார்க்கப் பழகுகிறது. 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' என்ற பெயரில் தம் முதல் பள்ளியைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, அந்த வேலையைக் கருவியிடமே ஒப்படைக்க முயன்றார். பத்துக் குழிகள் கொண்ட மரக்கட்டையில் பத்து உருளைகளைப் பொருத்தும்போது, சிறிய உருளை ஒன்று பெரிய குழிக்குள் போய்விட்டால், கடைசியில் ஓர் உருளை நுழைய இடமின்றி கையில் நிற்கும். யாரும் வாய் திறக்காமலே குழந்தை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி தொடங்கும். விரலால் தடவிப் பழகும் உப்புத்தாள் எழுத்துகளில் இந்த அளவுக்குத் தற்திருத்தம் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே எழுத்தின் ஒலிக்கும், விரல் போகும் திசைக்கும் ஆசிரியர் தேவைப்படுகிறார்.

இந்த ஏற்பாட்டின் உயிர் பராமரிப்பில் இருக்கிறது. ஓர் உருளை தொலைந்துபோனால், வெறுமையாக நிற்கும் குழி பிழையை மறைத்துவிடும். அதன் பிறகு அது வெறும் பொம்மைதான். பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் முகப்புப் பலகையை நம்பாமல் (மாண்டிசோரி என்ற பெயரை எழுதிக்கொள்ள யாருக்கும் தடையில்லை) அலமாரியில் துண்டுகள் முழுமையாக உள்ளனவா என்றும், ஆசிரியர் முறையான பயிற்சி பெற்றவரா என்றும் கேட்க வேண்டும். 1939இல் மாண்டிசோரி சென்னை அடையாற்றுக்கே வந்து பயிற்சி அளித்திருப்பதால், இங்கே இது புதிய கேள்வியல்ல.

முதல் வகுப்பின் நோட்டுப் புத்தக வேகத்துக்கு எந்தக் குழந்தை எளிதில் பழகும் என்பதில் எனக்கு உறுதியில்லை. என் மகள் இன்னும் அந்தப் படியை எட்டவில்லை. மூன்று முதல் ஆறு வயது வரையுள்ளவர்கள் ஒரே அறையில் இருக்கும் மாண்டிசோரி வகுப்பில், மூன்றாம் ஆண்டில் மூத்தவள் இளையவர்களுக்குக் கற்றுத்தருவதும் பாடத்தின் பகுதியாகும். இடையில் ஊர் மாற வேண்டிய வேலையில் இருப்பவர்களுக்கு அந்த ஆண்டு கிடைக்காமலே போகலாம் என்பதால், அவர்களுக்கு எல்.கே.ஜி.யையே பரிந்துரைப்பேன்.