விற்ற காருக்கு என் பணத்தில் சார்ஜ்: ஆட்டோசார்ஜ் போட்டிருப்பவர்கள் கவனிக்கவும்

மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள், அதிலும் பழைய காரை விற்கவோ வாங்கவோ போகிறவர்கள், இதை ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள். ஆட்டோசார்ஜ் என்பது, சார்ஜரின் கன்னை, அதாவது பிளக்கை, காரில் மாட்டியதும் தானாகச் சார்ஜ் தொடங்கி, ஆப்பில் இருக்கும் வாலட்டிலிருந்து பணம் எடுத்துக்கொள்ளும் வசதி. அதைப் போட்டு வைத்திருந்த எனக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

போன ஆவணியில் பெருந்துறையில் அக்கா மகன் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலையில் சாதம் விழும் நேரத்தில் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால், என் வண்டி சார்ஜ் ஏறத் தொடங்கிவிட்டது என்று ஓர் அறிவிப்பு. இடம், பழனிக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றின் வாசலில் இருக்கும் சார்ஜிங் ஸ்டேஷன். எனக்கு அப்போது வண்டியே கிடையாது. மகள் காலேஜ் பணத்துக்காக ஆனி மாதக் கடைசியிலேயே காரை விற்றுவிட்டேன். கல்யாணத்துக்கே மச்சான் காரில்தான் வந்திருந்தேன்.

அறிவிப்பைத் தொட்டதும் ஆப் திறந்தது. யூனிட் ஏறுவது கண் முன்னே தெரிந்தது. 3.2, 3.9, 4.5. கீழே சிவப்பில் ‘நிறுத்து’ என்ற பொத்தான். அதை அழுத்தினால் அங்கே சார்ஜ் நின்றுவிடும். அழுத்தவில்லை. அந்தப் பக்கம் யார், எந்த அவசரத்தில் நிற்கிறார்களோ! எழுந்து கை கழுவிவிட்டு, கார் வாங்கிய தம்பிக்குப் போன் போட்டேன். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி வியாபாரம் செய்கிறவர். ஆடி பிறப்பதற்குள் வண்டியை எடுத்துவிட வேண்டும் என்று மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் கொடுத்து எடுத்துப் போனவர்.

“தம்பி, இப்ப எங்கீங்க இருக்கீங்க?”

“பழனி பக்கத்துலங்கண்ணா. சார்ஜ் போட்டுட்டு சாப்பிட்டுட்டு இருக்கேன். என்னங்கண்ணா?”

“காசு எப்படிங்க கட்டுனீங்க?”

ஒரு நிமிடம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார். “கன்னை மாட்டுனா அதுவா ஆரம்பிச்சிருதுங்கண்ணா. வண்டியோட ஏதோ ஆஃபர் இருக்கும்னு நெனச்சேன். உங்க காசுங்களா?”

அவர் மேல் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. விஷயம் தெரிந்ததும் அன்றைய பணத்தை உடனே ஜிபேயில் அனுப்பப் பார்த்தார், நான்தான் பொறுங்கள் என்றேன். அன்றைக்கு ஏறியது 21.6 யூனிட். யூனிட் 20 ரூபாய் வீதம் ₹432, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ₹77.76, ஆக ₹509.76. பின்னால் போய்ப் பார்த்தால், ஆடி மாதத்திலேயே இரண்டு முறை இப்படிப் போயிருக்கிறது. ஒன்று ₹335.12, இன்னொன்று ₹436.60. இரண்டாவது முறைக்குப் பின் வாலட்டில் ₹88.28தான் மிச்சம். இருப்பு 200 ரூபாய்க்குக் கீழே போனால் வங்கிக் கணக்கிலிருந்து 1000 ரூபாய் தானாக ஏறட்டும் என்று யூபிஐ ஆட்டோபே போட்டு வைத்திருந்தேன். அதுவும் தன் வேலையைச் செய்துவிட்டது. பணம் எடுப்பதற்கு முந்தைய நாள் அறிவிப்பு வந்திருக்கிறது. மாதாமாதம் வருவதுதானே என்று பார்க்காமல் தள்ளிவிட்டிருக்கிறேன். அது என் தப்பு.

இப்போது, விற்கும்போது நான் செய்தவற்றைச் சொல்கிறேன். 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டு ஆர்சியில் பெயர் மாற்றியாயிற்று. இன்சூரன்ஸ் மாற்றியாயிற்று. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்டேக்கைக் கிழித்து, வங்கியிலும் சொல்லி மூடியாயிற்று. சார்ஜிங் ஆப்பில் ‘என் வாகனங்கள்’ என்ற பகுதிக்குப் போய்க் காரை நீக்கியாயிற்று. நீக்கப்பட்டது என்று பச்சை டிக்கும் வந்தது. இதற்கு மேல் ஒரு சாதாரண ஆள் என்ன செய்ய வேண்டும்?

ஆனால் அந்த நீக்கம் என் போன் திரையில் மட்டும்தான் நடந்திருக்கிறது. நிறுவனத்தின் சர்வரில் என் காரின் எண்ணும் என் வாலட்டும் பிரியாமல் அப்படியே இருந்திருக்கின்றன.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் ஆபத்து புரியும். வேகமான டிசி சார்ஜரில் சிசிஎஸ்2 என்ற வகைக் கன்னை மாட்டியதும் காரும் சார்ஜரும் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. எவ்வளவு வோல்ட் வேண்டும், எவ்வளவு ஆம்பியர் தாங்கும் என்றெல்லாம். அதற்காகக் காருக்குள் ஒரு சின்ன மோடம் இருக்கிறது. வீட்டு வைஃபை ரௌட்டருக்கு இருப்பது போலவே அதற்கும் மேக் முகவரி என்று ஓர் எண் உண்டு. பேச்சின் தொடக்கத்திலேயே கார் அந்த எண்ணைச் சொல்லிவிடும். ஆட்டோசார்ஜ் என்பது இவ்வளவுதான். சார்ஜர் அந்த எண்ணை சர்வருக்கு அனுப்பும். இது யார் கணக்கோடு சேர்ந்தது என்று சர்வர் பார்த்து, சரி ஆரம்பி என்று சொல்லும். ஓடிபி கிடையாது, கார்டு கிடையாது, கியூஆர் கிடையாது. வண்டிதான் அடையாளம். ஓட்டுவது யார் என்று அந்த ஏற்பாட்டில் யாரும் கேட்பதே இல்லை.

அந்த எண் ஒரு ரகசியமும் இல்லை. பணம் கட்டுவதற்கென்று உருவாக்கப்பட்டதும் இல்லை. நீங்கள் மாட்டும் ஒவ்வொரு டிசி சார்ஜருக்கும் அது தெரியும். போலியாக அதே எண்ணைச் சொல்லும் கருவியைச் செய்யவும் முடியும். ஐரோப்பாவில் ஃபாஸ்ட்நெட் நிறுவனம் 2017-லேயே இந்த முறையைக் கொண்டுவந்தது, வசதி என்பதால் நன்றாகவே பரவியது. இதைவிடப் பத்திரமானது ஐஎஸ்ஓ 15118 என்ற தரத்தில் வரும் ‘பிளக் அண்ட் சார்ஜ்’. அதில் வெறும் எண்ணுக்குப் பதிலாக டிஜிட்டல் சான்றிதழ் காருக்குள் இருக்கும், போலி செய்வது கடினம். ஆனால் என் பிரச்சினை அதிலும் அப்படியே வரும். ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருக்கும் வரை, சான்றிதழோடு காரை விற்றால் பணம் உங்கள் கணக்கில்தான் போகும். டைப் 2 ஏசி சார்ஜரில், அதாவது மால் போன்ற இடங்களில் இருக்கும் மெதுவான சார்ஜரில், பொதுவாகக் கார் இப்படி எண் சொல்வதில்லை. அங்கே ஆப்போ கார்டோ வேண்டும். தம்பி நெடுஞ்சாலை டிசி சார்ஜரில் மூன்று முறை மட்டும் போட்டதால்தான் இழப்பு அதோடு நின்றது.

கஸ்டமர் கேரில் நடந்ததைச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு எழுதியும் பயனில்லை. முதல் நாள் பேசிய பெண், “உங்க வண்டிதானே சார் சார்ஜ் ஆகியிருக்கு?” என்றார். விற்றுவிட்டேன் என்றேன். “சிஸ்டத்துல உங்க வண்டின்னுதான் சார் காட்டுது.” இதையே நான்கு முறை. பெயர் மாறிய ஆர்சியை மெயிலில் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். மூன்று நாள் கழித்து, சார்ஜ் வெற்றிகரமாக முடிந்திருப்பதால் பணம் திருப்ப வழியில்லை என்று பதில் வந்து டிக்கெட்டை மூடிவிட்டார்கள். நான் கேட்டது சார்ஜ் முடிந்ததா இல்லையா என்பதை அல்லவே. யாருடைய அனுமதியில் என் பணத்தை எடுத்தீர்கள் என்பதுதானே கேள்வி! இரண்டாவது டிக்கெட்டில் ஆட்டோசார்ஜை சர்வரிலிருந்தே எடுத்துவிடுங்கள் என்று மட்டும் எழுதினேன். அதற்கு ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் தம்பி வேறு நிறுவனத்தின் சார்ஜரைத் தேடிப் போனார், எனக்காக.

பணத்தைவிட எனக்கு அதிகம் உறுத்தியது இன்னொன்று. அந்தத் தம்பி எந்த ஊரில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று என் போன் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியாது. நினைத்தால் பாதியில் அவர் சார்ஜை நிறுத்தவும் என்னால் முடிந்திருக்கும். ராத்திரி பதினோரு மணிக்குத் தனியாக வண்டி ஓட்டி வரும் ஒரு பெண் அந்தக் காரை வாங்கியிருந்தால், விற்றவன் மோசமானவனாக இருந்திருந்தால்? இதை எழுதிக் கேட்டபோதும் அவர்களிடமிருந்து பதில் இல்லை.

அதனால் காரை விற்கிறீர்கள் என்றால், சாவியைக் கொடுப்பதற்கு முன்பே ஆட்டோசார்ஜை அணையுங்கள். ‘என் வாகனங்கள்’ பகுதியில் நீக்கியதோடு விடாதீர்கள். கார் கையில் இருக்கும்போதே ஏதாவது ஒரு ஸ்டேஷனுக்கு ஓட்டிப் போய்க் கன்னை மாட்டிப் பாருங்கள். ஓடிபியோ கியூஆரோ கேட்டால்தான் உண்மையில் அணைந்திருக்கிறது. எத்தனை ஆப்பில் போட்டிருக்கிறீர்களோ அத்தனையிலும் இப்படிப் பாருங்கள். ஆட்டோபேயை சார்ஜிங் ஆப்பில் தேட வேண்டாம். ஜிபேயோ போன்பேயோ, எதில் அனுமதி கொடுத்தீர்களோ அதிலேயே ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். 15,000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காமலேயே பணம் எடுக்க அந்த அனுமதி போதும்.

வாங்குகிறவர்களுக்கும் இதே அக்கறை வேண்டும். பழைய கார் வாங்கி முதல் முறை கன்னை மாட்டும்போது, நீங்கள் எதையும் தொடாமல் தானாக ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிட்டு விற்றவருக்குப் போன் போடுங்கள். அது ஆஃபர் இல்லை, யாரோ ஒருவருடைய வாலட்.

நான் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்த பிறகுதான் அவர்கள் மேலாளர் ஒருவர் தானாக அழைத்தார். மரியாதையாகவே பேசினார். பின்னால் நடந்த இரண்டு சார்ஜுக்கும் சேர்த்து ₹946.36 திருப்பினார்கள், ஆனால் வாலட்டுக்கு. காரே இல்லாத நான் வாலட்டில் பணத்தை வைத்து என்ன செய்வது? வங்கிக் கணக்கில்தான் வேண்டும் என்று விடாமல் கேட்டு, ஆட்டோபேயில் எடுத்த 1000 ரூபாயோடு சேர்த்து மிச்ச இருப்பையும் வாங்கினேன்.

போன வாரம் தம்பி அதே பழனி ஸ்டேஷனில் நின்றுகொண்டு கூப்பிட்டார். “மாட்டிட்டேங்கண்ணா. ஓடிபி கேக்குது.” என் போனில் எந்த அறிவிப்பும் வரவில்லை. முதல் முறை போன ₹335.12 மட்டும் இன்னும் பாக்கி. முப்பது நாள் தாண்டிவிட்டது, விதிப்படி முடியாது என்கிறார்கள். அந்தப் புகாரை நான் திரும்பப் பெறவில்லை. பதில் வந்ததும் இதே பதிவில் சேர்க்கிறேன்.