பி.டி.எஸ். (பல் மருத்துவப் பட்டப்படிப்பு): மாநிலக் கலந்தாய்வா, அகில இந்தியக் கலந்தாய்வா?

ராமநாதபுரம் மாவட்டத்தின் பாம்பன், தொண்டிப் பக்கத்துப் பிள்ளைகள் எழுதும் நீட் ஒன்றுதான், 720 மதிப்பெண்ணுக்கு. ஆனால் அதை வைத்து நுழைய இரண்டு வாசல்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் 15 சதவீத இடம் அகில இந்தியக் கலந்தாய்வுக்கு. மீதி 85 மாநிலத்துக்கு.

எனக்கு மாநில வாசல்தான் பெரிதாகத் தெரிகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இங்கே மட்டும்தான். 2020-இல் வந்தது. கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. கடலை நம்பிப் பிழைக்கிற வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! தலைமையாசிரியரிடம் படிப்புச் சான்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

அப்புறம் இடஒதுக்கீடு. மாநிலத்தில் மொத்தம் 69 சதவீதம். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 தனியாக உண்டு. கீழக்கரைப் பிள்ளைகள் கவனிக்கவும். அகில இந்தியப் பட்டியலில் அப்படிப் பிரிவு கிடையாது. ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) 27 சதவீதத்துக்குள் நாடு முழுக்கப் போட்டி, கிரீமிலேயரில், அதாவது அந்தப் பிரிவின் வசதியான அடுக்கில், வரவில்லை என்ற சான்றும் தேவை.

நல்ல ரேங்க் இருந்து, வெளிமாநிலம் போகவும் தயார் என்றால் அகில இந்திய வாசல் சரி. ராமநாதபுரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இல்லை. புதுக்கோட்டையில் 2023-இல் தொடங்கிய கல்லூரி பக்கம். இரண்டு கலந்தாய்வுக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும்.