மேல்வீட்டுக் கிரைண்டருக்கு அடியில் வைக்கும் ரப்பர் பேடுகள்: ஒரு பயனரின் மதிப்பீடு

அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்வீட்டு இரைச்சலால் தூக்கம் கெட்டவர்கள் அதற்காகச் செலவழிக்கும் பணத்தைப் பெரும்பாலும் தம் வீட்டுக்குள்தான் செலவழிக்கிறார்கள். காதடைப்பான் வாங்குகிறார்கள், சுவரில் பஞ்சு ஒட்டுகிறார்கள், கூரைக்கு அடியில் ஜிப்சம் பலகை பொருத்த எவ்வளவு ஆகும் என்று விசாரிக்கிறார்கள். இந்த மதிப்பீடு அதற்கு நேர்மாறான, மிகவும் சிறிய ஒரு செலவைப் பற்றியது. சென்னையில் நாங்கள் வசிக்கும் குடியிருப்பில், எங்களுக்கு மேலே உள்ள வீட்டின் சமையலறையில் ஓடும் கிரைண்டருக்கு அடியில் வைப்பதற்காக, எங்கள் பணத்தில் வாங்கிக் கொடுத்த அதிர்வு குறைக்கும் ரப்பர் பேடுகளை இங்கே மதிப்பிடுகிறேன். எந்த நிறுவனத்தின் பேடு என்பது இதில் முக்கியமில்லை. இணையத்தில் பல பெயர்களில் விற்பவை ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. எந்த வகையை எதற்கு அடியில் எப்படி வைப்பது என்பதில்தான் பலன் இருக்கிறது.

மேல்வீட்டில் இருப்பவர் வேலைக்குப் போகும் பெண்மணி. அவர் வீடு திரும்பிச் சமையலை முடித்து உளுந்தைக் கிரைண்டரில் போடும்போது இரவு பத்து மணி தாண்டிவிடும். காலையில் இட்லி வேண்டுமென்றால் மாவு இரவெல்லாம் புளித்தாக வேண்டும். எனவே அவரைக் காலையில் அரைக்கச் சொல்வதில் பொருளில்லை. உளுந்தும் அரிசியும் தனித்தனியே அரைபட்டு முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அந்த நேரம் முழுவதும் எங்கள் படுக்கையறையில் ஒரு தாழ்ந்த உறுமல் கேட்கும். அவர் வீட்டு வாசலில் நின்று கேட்டால் அந்த ஓசை பெரிதாகத் தெரியாது என்பதுதான் இதில் விந்தை. தன் வீட்டில் கேட்காத ஓசை கீழ்வீட்டில் கேட்கிறது என்று சொன்னால் யாரும் நம்பத் தயங்குவார்கள், அவரும் தயங்கினார்.

காரணம் எளிது. கிரைண்டரின் ஓசை இரண்டு வழிகளில் பயணிக்கிறது. கல் உரசும் ஓசை காற்றில் பரவுகிறது. அதை இடையிலுள்ள கான்கிரீட் தளம் தன் எடையாலேயே பெருமளவு தடுத்துவிடுகிறது. மோட்டாரின் அதிர்வோ கிரைண்டரின் கால்கள் வழியாக மேடைக்குள்ளும், அங்கிருந்து சுவருக்குள்ளும் தளத்துக்குள்ளும் நேராக இறங்குகிறது. சமையலறை மேடையின் கிரானைட் பலகை சுவருக்குள் செருகிக் கட்டப்பட்டிருக்கும் வீடுகளில் இந்த வழி இன்னும் சுலபம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,400 முறை சுற்றும் மோட்டார் நொடிக்கு 23 அல்லது 24 முறை தன் அடித்தளத்தைத் தட்டுகிறது. அதோடு 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அலைவுகள்) மின்சாரத்தில் ஓடும் மோட்டாருக்கே உரிய 100 ஹெர்ட்ஸ் உறுமலும் சேர்ந்துகொள்கிறது. இவை கான்கிரீட்டுக்குள் புகுந்துவிட்டால் கீழ்வீட்டின் கூரையும் சுவர்களும் சேர்ந்தே ஒலிபெருக்கியாகி விடுகின்றன.

புகார் கொடுக்க நினைப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல். இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. இதைப் படித்துவிட்டுக் கைப்பேசிச் செயலியில் அளந்து பார்த்தால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். அந்த வரம்புகள் ‘ஏ’ எடையிட்ட அளவில், அதாவது நம் காதுக்குக் குறைவாகக் கேட்கும் தாழ்ந்த ஓசைகளைக் குறைத்துக் கணக்கிடும் அளவில், சொல்லப்படுபவை. பொதுவாகச் செயலிகள் காட்டுவதும் அதே அளவுதான். அந்த முறை 100 ஹெர்ட்ஸ் ஓசையிலிருந்து ஏறத்தாழ 19 டெசிபெல்லையும், 50 ஹெர்ட்ஸ் ஓசையிலிருந்து 30 டெசிபெல்லையும் கழித்துவிட்டே எண்ணைக் காட்டுகிறது. ஆகவே தலையணையில் தலை வைத்தால் துல்லியமாக உணரக்கூடிய உறுமலுக்குத் திரையில் நாற்பதுக்கும் கீழான எண் வரக்கூடும். அதைக் கொண்டுபோய் அசோசியேஷன் செயலாளரிடம் காட்டினால் நம் கட்சிதான் பலவீனமாகும். நள்ளிரவில் ஒலிபெருக்கி வைப்பவருக்கு எதிராக விதி உதவும். இட்லிக்கு மாவரைப்பவருக்கு எதிராக அதைத் தூக்கிக்கொண்டு போவது நியாயமாகவும் எனக்குத் தோன்றவில்லை.

இனி பேடுகளுக்கு வருகிறேன். கடையிலும் இணையத்திலும் முக்கியமாக மூன்று வகைகள் கிடைக்கின்றன. முதலாவது, வாஷிங் மெஷினின் கால்களுக்கு அடியில் வைக்கும் கிண்ண வடிவப் பேடு. நான்கு கொண்ட தொகுதி சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். இரண்டாவது, இரு பக்கமும் வரிவரியாக மேடும் பள்ளமும் உள்ள, தொழிற்சாலை இயந்திரங்களுக்கு அடியில் வைக்கும் தடித்த கறுப்புச் சதுரம். மூன்றாவது, இரண்டு ரப்பர் தகடுகளுக்கு இடையே தக்கை வைத்து ஒட்டியது. பின்னிரண்டும் பெரும்பாலும் பாரிமுனைப் பக்கத்தில் தொழிற்சாலைச் சாமான்கள் விற்கும் கடைகளில் கிடைக்கின்றன. கேட்ட அளவுக்கு வெட்டியும் தருகிறார்கள்.

கிண்ண வகையைப் பற்றி விற்பனைப் பக்கங்களில் எழுதியிருப்பதை முழுதாக நம்ப வேண்டாம். வாஷிங் மெஷின் தண்ணீர் பிழியும்போது இடம் நகராமல் பிடித்துக்கொள்வதே அதன் உண்மையான வேலை. அதை அது நன்றாகவே செய்கிறது. ஆனால் அதன் ரப்பர் கெட்டியானது. எழுபது கிலோ எடையுள்ள முன்புறக் கதவு வாஷிங் மெஷினுக்கு அடியில் ஓரளவு அமுங்கும் அந்தப் பேடு, அதில் ஐந்தில் ஒரு பங்கு எடைகூட இல்லாத டேபிள் டாப் கிரைண்டருக்கு அடியில் கல்லைப் போல நிற்கிறது. அமுங்காத ரப்பர் அதிர்வை அப்படியே கடத்திவிடும். போதாக்குறைக்கு, கிரைண்டரின் சிறிய கால் அந்தக் கிண்ணத்துக்குள் ஆடிக்கொண்டு புதிதாக ஒரு ‘டகடக’ ஓசையையும் எழுப்பக்கூடும்.

வரி போட்ட சதுரம்தான் எங்களுக்குப் பயன்பட்டது. ரப்பரை அழுத்தினால் அதன் கன அளவு குறைவதில்லை. பக்கவாட்டில் பிதுங்கத்தான் இடம் தேடும். அந்த இடத்தைத் தருவதற்காகவே வரிகளும் துளைகளும் வைக்கப்பட்டிருக்கின்றன. பக்கவாட்டில் பிதுங்க வழியில்லாத வழவழப்பான அகன்ற ரப்பர் தகடு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அதிக உதவி செய்யாது. நொடிக்கு 24 முறை தட்டும் அதிர்வைக் கண்ணுக்குத் தெரியும்படி குறைக்க வேண்டுமானால், கிரைண்டரின் எடையில் பேடு குறைந்தது ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டராவது அமுங்க வேண்டும் என்பது அதிர்வுக் கணக்கு. இதைச் சோதிக்க ஓர் அடிக்கோல் போதும்: பேட்டின் உயரத்தைத் தனியாக அளந்துவிட்டு, அரிசியும் தண்ணீரும் போட்ட கிரைண்டரை அதன் மேல் தூக்கி வைத்து மீண்டும் அளக்க வேண்டும். உயரம் குறையவில்லை என்றால் அந்த எடைக்கு அந்தப் பேடு பெரியது.

பெரியதாக இருந்தால் தூக்கி எறிய வேண்டியதில்லை, வெட்டினால் போதும். பத்து சென்டிமீட்டர் சதுரத்தை ஐந்து சென்டிமீட்டர்த் துண்டுகள் நான்காக வெட்டி ஒவ்வொரு காலுக்கும் ஒரு துண்டு வைத்தால், அதே எடை நாலில் ஒரு பங்கு பரப்பில் இறங்கும். பேடு நான்கு மடங்கேனும் அமுங்கும். காசையும் மிச்சப்படுத்தி வேலையையும் கூடுதலாகச் செய்யும் இந்தச் சிறு விஷயத்தை எந்த விற்பனைப் பெட்டியிலும் அச்சிட்டு நான் பார்த்ததில்லை. அமுங்கட்டும் என்று ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று நான்கு அடுக்குகள் வைப்பது மட்டும் கூடாது. மாவை எடுக்கச் சாய்க்கும் வகைக் கிரைண்டர் அதில் தடுமாறி விழக்கூடும். கல்லோடு விழுந்தால் கால் விரல் தப்பாது.

இதையெல்லாம் மேல்வீட்டில் எப்படிச் சொல்வது? பொருளை மதிப்பிடுவதைவிட இதுதான் கடினமான பகுதி. “உங்க கிரைண்டர் சத்தத்துல தூங்க முடியல” என்று தொடங்கும் பேச்சு, “அப்ப நாங்க மாவரைக்கவே கூடாதா?” என்ற இடத்தில் போய் முட்டும் என்பது குடியிருப்பில் வாழ்ந்த எல்லோருக்கும் தெரியும். என் மனைவி பேடுகளை எடுத்துக்கொண்டு போய், “அக்கா, இதைக் கிரைண்டருக்கு அடியில வெச்சுப் பாருங்க, மேடையில வழுக்காம நிக்கும், எங்களுக்கும் சத்தம் குறையும்” என்றார். இரண்டும் உண்மை, இரண்டையும் அதே வரிசையில் சொன்னதில்தான் சாமர்த்தியம் இருந்தது. பிறகு அவரையே கீழே அழைத்து வந்து, அவருடைய மகன் மேலே கிரைண்டரைப் போட, எங்கள் படுக்கையறையில் நிற்க வைத்தார். “அடடா, இப்படியா கேக்குது!” என்றார் அவர். எந்தச் செயலியின் எண்ணும் செய்யாத வேலையை அந்த ஒரு நிமிடம் செய்தது. அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தால் அவர் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

பலன் என்ன என்றால், உறுமல் முழுதாக மறையவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் இப்போதும் கேட்கும். ஆனால் மின்விசிறி ஓடும்போது அதோடு கலந்து தனியாகத் தெரிவதில்லை. கிரைண்டரைச் சுவரில் ஒட்டி வைக்காமல் நான்கு விரல் தள்ளி வைத்ததும், மேடையிலிருந்து இறக்கித் தரையில் ஒரு கனமான மரப்பலகையின் மேல் வைத்ததும் பேடுகளின் பலனைக் கூட்டின. கல் உரசும் ஓசை மட்டும் குளியலறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் தரும் டக்ட் வழியாக வருகிறது. அதற்கும் பேடுக்கும் தொடர்பில்லை, இரவில் அந்தப் பக்கத்து ஜன்னலை மூடினால் தீர்ந்தது.

குறைகளும் உண்டு. புதிய ரப்பரின் வாடை சமையலறையில் சகிக்காது. சோப்பு நீரில் கழுவி நிழலில் சில நாள் காயவைத்த பிறகே கொடுக்க வேண்டும். கறுப்பு ரப்பர் வெளிர் நிற டைல்ஸில் தடம் பதிக்கும் என்பதால் அடியில் மெல்லிய தகடு ஒன்று தேவை. சாதாரண இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் உப்பிக் குழையும். நல்லெண்ணெய் சிந்தும் இடத்தில் வைப்பதற்கு நைட்ரைல் ரப்பர் என்று கேட்டு வாங்குவது நல்லது, விலை சற்றுக் கூடுதல். தக்கை வைத்த வகை சமையலறைக்கு ஏற்றதல்ல என்பது என் கருத்து. தினமும் தண்ணீர் படும் இடத்தில் ஒட்டு எத்தனை நாள் தாங்கும் என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது.

நாற்காலி இழுக்கும் ஓசைக்கு இந்தப் பேடுகள் பொருந்தாது. அதற்குக் கால்களில் ஒட்டும் கம்பளித் துண்டுகளை இணையத்தில் எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள்; தினமும் ஈரத்துணியால் தரை துடைக்கும் நம் வீடுகளில் அவற்றின் பசை விரைவில் விட்டுவிடும், அழுக்கும் முடியும் சேர்ந்து அருவருப்பாகிவிடும். காலுக்கு உறை போல மாட்டும் ரப்பர் புஷ்தான் இங்கே நிலைக்கும். ஹார்டுவேர் கடைக்குக் காலின் அளவை எடுத்துக்கொண்டு போனால் பொருத்தமாகக் கிடைக்கும். குழந்தைகள் ஓடும் ஓசைக்கு, ஒன்றோடொன்று கோக்கும் ஃபோம் விரிப்புகள் விளையாட்டுச் சாமான் விழும் ‘டக்’ ஓசையைக் குறைக்கும். குதிகால் ஊன்றும் ‘தொம்’ ஓசையை அவை பெரிதாகக் குறைப்பதில்லை, ஏனென்றால் அங்கே தளமே லேசாக வளைந்து கொடுத்து ஒலிக்கிறது. அதற்கு மலிவான மருந்து எதையும் நான் காணவில்லை.

கீழ்வீட்டில் செய்யக்கூடிய செலவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முட்டை அட்டை போன்ற ஃபோம் தகடுகளைச் சுவரில் ஒட்டினால் நம் அறைக்குள் எழும் எதிரொலி குறையும், வெளியிலிருந்து வரும் ஓசை குறையாது. ‘சவுண்ட் புரூஃப்’ என்று போட்டு அவற்றை விற்பது நேர்மையற்ற செயல். பொய்க்கூரையும் உள்ளே கண்ணாடிப் பஞ்சும் போட்டால் கூரை வழி வரும் ஓசை ஓரளவு குறையும். ஆனால் அதிர்வு சுவர்கள் வழியாகவும் இறங்குவதால் செலவுக்கேற்ற பலன் கிடைப்பது அரிது. அறையின் உயரம் குறைவதும், மின்விசிறியைத் தளத்துக் கொக்கியிலிருந்து நீளமான கம்பியில் மாற்றித் தொங்கவிடுவதும் தனிக் கணக்கு. ஃபோம் காதடைப்பான்கள் மலிவானவை, பயணத்துக்கு நல்லவை. உறையில் 33 டெசிபெல் என்று போட்டிருந்தாலும் அது ஆய்வகத்தில் சரியாகச் செருகிக்கொண்டவர்களின் அளவு. வீட்டில் பாதி கிடைத்தாலே பெரிது. கைக்குழந்தையோ முதியவர்களோ உள்ள வீட்டில் காதை அடைத்துக்கொண்டு உறங்குவதை நான் விரும்ப மாட்டேன்.

ஆகவே, மேல்வீட்டுக்காரரோடு இன்னும் பேச்சு வார்த்தை இருக்கும்போதே இந்தப் பேடுகளை வாங்கிக் கொடுக்கலாம். வாங்கும்போது இரண்டு தொகுதிகளாக வாங்கிக்கொள்ள வேண்டும். நாளடைவில் ரப்பர் அமுங்கிய நிலையிலேயே தங்கிவிடும். அப்போது உறுமல் மெல்லத் திரும்பி வரும், மாற்றத் துண்டுகள் கையில் இருக்க வேண்டும். எங்கள் இரண்டாவது தொகுதியில் பாதியை நாங்களே எடுத்துக்கொண்டோம், எங்கள் கிரைண்டருக்கும் ஒரு கீழ்வீடு இருக்கிறது.