ஒரு மாதம், ஒரு சமையல் புத்தகம்: ஜோகன்னஸ்பர்க் வீட்டில் சில வருட அனுபவம்

அலமாரியில் தூங்கும் சமையல் புத்தகங்களையெல்லாம் இந்த வருடம் சமைத்தே தீர்ப்பது என்று ஜனவரியில் சபதம் போடுகிறவர்கள் நிறையப் பேர். வாரம் ஒரு புது அயிட்டம் என்று ஆரம்பித்தால் இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் அது பிப்ரவரியைத் தாண்டாது. எங்கள் வீட்டில் சில வருடமாக நிலைத்திருப்பது வேறு கணக்கு. மாதத்துக்கு ஒரு புத்தகம், அதிலிருந்து இரண்டோ மூன்றோ பதார்த்தம், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை. முதல் தடவை புத்தகத்தில் இருக்கிறபடி அட்சரம் பிசகாமல். இரண்டாவது தடவை இந்த ஊருக்கும் வீட்டில் இருக்கிற நாக்குகளுக்கும் ஏற்றபடி. மறுபடி செய்யத் தோன்றாவிட்டால் பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான் சட்டம்.

இந்த இரண்டாவது தடவையை விட்டுவிட்டால் இந்த ஊரில் எந்தப் புத்தகத்தையும் நியாயமாக எடைபோட முடியாது. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையிலோ டர்பனிலோ உட்கார்ந்து எழுதியவர் ‘இருபது நிமிடம் வேகவிடவும்’ என்றால் அது 100 டிகிரித் தண்ணீருக்குச் சொன்னது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு இங்கே லேசில் குழையாது. குக்கரில் வைத்தாலும் ஓரிரண்டு விசில் கூட விட வேண்டியிருக்கும். பருப்பு நறுக்கென்று நின்றதற்குப் புத்தகத்தைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

இதைப் பளிச்சென்று காட்டிக் கொடுத்தது அதிரசம். புதுப் புத்தகம் ஒன்று வெல்லப்பாகை 115 டிகிரி வரை காய்ச்சச் சொல்கிறது. கடலோர ஊருக்கு அது சரி. இங்கே 115ஐத் தொடுவதற்குள் பாகு முற்றிவிடும், மாவு கல்லாகும், எண்ணெயில் போட்டால் விரிசல் விடும். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் கழித்துக்கொள்ள வேண்டும். அதாவது இந்த ஊருக்கு 109 போதும். பழைய புத்தகங்கள் தெர்மாமீட்டர் பேச்சையே எடுப்பதில்லை. கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வர வேண்டும், அதுதான் பதம். இந்தச் சோதனைக்கு மலையும் ஒன்றுதான், கடற்கரையும் ஒன்றுதான். அரிசியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இங்கே குளிர்காலக் காற்று எலும்பாய் வறண்டது. ஊறிய அரிசியைத் துணியில் விரித்தால் நினைத்ததைவிடச் சீக்கிரம் காய்ந்துவிடும். புத்தகம் சொல்லும் நேரத்தை மறந்துவிட்டு, அள்ளிப் பிடித்தால் கையில் ஈரம் ஒட்டும்போதே மிக்ஸியில் போட்டுவிட வேண்டும்.

பதத்தை நம்பும் புத்தகங்களில் எனக்கு முதலிடம் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. 1951ல் வந்தது. ஆழாக்குக் கணக்கைப் பார்த்து மிரள வேண்டாம். படியில் எட்டில் ஒரு பங்கு ஆழாக்கு. வீட்டில் ஒரு டம்ளரை ஆழாக்கு என்று வைத்துக்கொண்டு அதையே எல்லாவற்றுக்கும் பிடித்தால் விகிதம் தப்பாது. முழுக்கச் சைவம் என்பதால் எங்கள் அட்டவணையில் அதற்குப் புரட்டாசி மாதம். லெனேசியா பக்கம் உள்ள தமிழ் வீடுகளில் அந்த மாதம் கவிச்சியே கிடையாது, ஆகையால் சமைத்ததைச் சாப்பிட ஆளுக்கும் பஞ்சமில்லை. மோர்க்குழம்புக்கு இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கிற அமாசி என்ற புளித்த பாலை ஊற்றினேன். கெட்டியாகவும் இருக்கும், புளிப்பும் தயாராக இருக்கும். இப்போது தயிர் வாங்குவது பச்சடிக்கு மட்டும்தான்.

அடுத்து இந்த நாட்டிலேயே பிறந்த புத்தகம், ‘இண்டியன் டிலைட்ஸ்’. டர்பன் பெண்கள் கலாசாரக் குழு ஒன்று சேர்ந்து உருவாக்கி, சுலைகா மாயத் தொகுத்து 1961ல் வெளியிட்டது. குஜராத்தி முஸ்லிம் வீட்டுக் கைமணம் தூக்கல்தான். ஆனால் இங்கே கிடைக்கிற சாமானை வைத்து எழுதியது என்பதால் கடை கடையாக அலைய வேண்டாம். பிரியாணிக்கு மட்டும் எனக்குப் புத்தகத்தைவிடப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி பெரிய அதாரிட்டி. டர்பன்காரர். நம் ஊர் முறையில் செய்து ஒரு டப்பா கொடுத்தனுப்பினேன். சாயங்காலமே வாசலில் வந்து நின்றார். “என்ன பிரியாணி இது, டாலும் இல்லே, உருளையும் இல்லே?” டர்பன் வீடுகளில் மைசூர்ப் பருப்பும் உருளைக்கிழங்கும் இல்லாத பிரியாணி வெறும் மசாலா சோறு. முதலில் எனக்கும் ஒட்டவில்லை. பருப்பைத் தனியாக முக்கால் வேக்காடு வேகவைத்து அரிசிக்கும் கறிக்கும் நடுவில் தூவினால் அடியில் இருக்கிற மசாலாவை அது குடித்துக்கொள்கிறது, சோறு உதிரியாக நிற்கிறது. அப்புறம் நான் பேசவில்லை. ஆனால் டர்பன் சந்தையில் ‘மாமியார் மசாலா’ என்று ஒரு கடுங்காரப் பொடி விற்கிறார்களே, அதை ஒரு ஸ்பூன் போடுவதற்கு முன் நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜூன், ஜூலை இந்தத் திட்டத்துக்குக் கண்டமான மாதங்கள். ராத்திரி குளிர் பூஜ்யத்தை ஒட்டிப் போகும், இட்லி மாவு அசையாமல் கிடக்கும். ஓவனுக்குள் விளக்கைப் போட்டு மாவை வைக்கிற வித்தையும் மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023ல் கைகொடுக்கவில்லை. விளக்கு எரிந்தால்தானே சூடு? கடைசியில் உதவியது வொண்டர்பேக். 2008ல் இதே நாட்டில் தொடங்கிய, சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும் பை. மாவுப் பாத்திரத்தோடு ஒரு சுடுதண்ணீர் பாட்டிலையும் உள்ளே வைத்து இறுக்கிவிட்டால் காலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். கரண்ட் போகும் நேரம் தெரிந்தால் காராமணிக் குழம்பையும் நன்றாகக் கொதிக்கவிட்டு அதற்குள் வைத்துவிடலாம். ஆனால் காராமணி முந்தின நாளே ஊறியிருக்க வேண்டும்.

ஏர் ஃபிரையர் புத்தகம் ஒன்று பெருக்கல் குறிகளாலேயே நிறைந்து இனாமாகக் கைமாறிவிட்டது. படம் அழகு, உப்பு அளவு அபத்தம். செட்டிநாட்டுப் புத்தகம் பாதிப் பாதி. கல்பாசிக்கும் மராட்டி மொக்குக்கும் ஃபோர்ட்ஸ்பர்க் வரை போக வேண்டும் என்பதால் அதை வார நாளில் திறப்பதே இல்லை. புதுப் புத்தகம் வாங்கக் கை அரித்தால், பழைய புத்தகம் ஒன்றில் இரண்டு பதார்த்தமாவது இரண்டாம் சுற்று முடிந்திருக்க வேண்டும் என்பது வீட்டுக்காரர் பிற்பாடு சேர்த்த விதி. எனக்குப் பிடிக்காத விதிதான், ஆனால் பணம் மிச்சமாகிறது.

ஆடி மாதத்துக்கு எந்தப் புத்தகமும் இல்லை. இங்கே ஆடி நடுக்குளிரில் வருகிறது. கேழ்வரகுக்குப் பதில் மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்துக் காய்ச்சுகிற கூழை ஆன்ட்டி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறேன். அளவு கேட்டால் கையைக் குவித்துக் காட்டுகிறார். அந்தக் கையளவை டம்ளரில் போட்டு அளந்து பார்ப்பது இந்த மாத வேலை.