எந்த மாதத்து ஸ்பிட்ஃபயர்? ஐஎல்-2, டிசிஎஸ் ஓர் ஒப்பீட்டு அலசல்

இரண்டாம் உலகப்போர் விமானங்களை வரலாற்றுக்கு நெருக்கமாகப் பறக்க நினைப்பவர் கடைசியில் இரண்டு கணினி சிமுலேட்டர்களில் ஒன்றில்தான் வந்து நிற்கிறார்: ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ் வரிசை அல்லது டிசிஎஸ் வேர்ல்டின் உலகப்போர்த் தொகுதிகள். என் சாய்வு ஐஎல்-2 பக்கம். காக்பிட்டுக்குள் டிசிஎஸ் பல படி மேலே இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டே இதைச் சொல்கிறேன்.

தெரிந்த சங்கதிகளைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வெளித்தோற்றம், வண்ணம், படைக்குறிகள் இரண்டிலும் நன்றாகவே இருக்கின்றன. டிசிஎஸ்ஸில் ஒவ்வொரு சுவிட்சையும் சொடுக்கலாம். ஐஎல்-2வில் ஒரே விசையில் எஞ்சின் கிளம்பிவிடும். வார் தண்டர் என்ற இணைய விளையாட்டு இந்த ஒப்பீட்டில் வராது. அங்கே எதிரெதிரே நிறுத்துவது ஆண்டைப் பார்த்து அல்ல, திறன் எண்ணைப் பார்த்து.

எனக்கு முடிவைத் தீர்மானிக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த விமானம் எந்த மாதத்து விமானம்? அதற்கு விடை எரிபொருளிலும் பூஸ்டிலும், அதாவது எஞ்சினுக்குள் திணிக்கும் கலவையின் அழுத்தத்திலும், இருக்கிறது.

சூப்பர்சார்ஜர் எஞ்சினுக்குள் எவ்வளவு அழுத்தத்தில் கலவையைத் திணிக்கலாம் என்பதற்கு எல்லை போடுவது பெட்ரோலின் வெடிதட்டல் (கலவை தானாகவே வெடித்து எஞ்சினைத் தட்டுவது) தாங்கும் திறன். ஆக்டேன் தரம் ஏறினால் எல்லையும் ஏறும். உடலும் இறக்கையும் அதேதான், ஆனால் பறக்கும் விமானம் வேறு. ஸ்பிட்ஃபயர் எல்எஃப் மார்க் 9-இன் மெர்லின் 66 எஞ்சின் 100/130 தர எரிபொருளில் +18 பவுண்டு பூஸ்ட் (வளிமண்டல அழுத்தத்துக்கு மேல், சதுர அங்குலத்துக்கு) வரை போகும். 1944 கோடையில் வி-1 பறக்கும் குண்டுகளைத் துரத்த 150 தர எரிபொருள் வந்தபோது அதே எஞ்சினுக்கு +25 அனுமதித்தார்கள். அமெரிக்க அளவில் சொன்னால் 67 அங்குலப் பாதரசத்திலிருந்து 81 அங்குலத்துக்கு. கடல்மட்ட வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் கூடியது. இந்த இரண்டில் எதைப் பறக்கிறோம் என்று தெரியாமல் 'ஸ்பிட்ஃபயர் மெதுவாக இருக்கிறது' என்று வாதிடுவதில் பயனில்லை.

ஐஎல்-2 இந்தத் தேர்வை நம் கையில் கொடுக்கிறது. ஸ்பிட்ஃபயர் 9இ-க்கு 150 தர எரிபொருளும் உயரத்துக்கான மெர்லின் 70 எஞ்சினும் தனித்தனி மாற்றங்களாக வருகின்றன. எதிரே ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109 கே-4 டிபி 605 டிபி எஞ்சினோடு 1.8 ஏடிஏ (ஜெர்மானியர் பூஸ்டை அளந்த அழுத்த அலகு), டிசி எஞ்சினைத் தேர்ந்தால் 1.98 ஏடிஏ. 1944 டிசம்பருக்கு ஒன்று, போரின் கடைசி மாதங்களுக்கு இன்னொன்று என்று போர்ப்பணி அமைப்பவர் பிரித்து வைக்கலாம், மற்றதைப் பூட்டியும் விடலாம். ஸ்டாலின்கிராட் தொகுதியின் 109 ஜி-2 இன்னும் நல்ல சான்று. அதன் டிபி 605ஏ எஞ்சின் அந்தக் காலத்தில் 1.42 ஏடிஏ-வுக்குத் தடைசெய்யப்பட்டு 1.30-இல் நிறுத்தப்பட்டிருந்தது. ஐஎல்-2விலும் 1.30-தான். ஜி-2 ஏன் இவ்வளவு அடங்கிப் பறக்கிறது என்று கேட்பவருக்கு இதுவே பதில்.

பழைய ஐஎல்-2 சிமுலேட்டரான கிளிஃப்ஸ் ஆஃப் டோவருக்கும் இங்கே ஒரு வார்த்தை. 1940-க்கு அதைவிட நல்லது இல்லை. 87 ஆக்டேனில் +6¼ பவுண்டோடு நிற்கும் ஸ்பிட்ஃபயர் 1ஏ ஒரு விமானம். 100 ஆக்டேனில் +12 போகும் அதே 1ஏ இன்னொரு விமானம். இரண்டும் பட்டியலில் தனித்தனியாகவே இருக்கின்றன. மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் ஸ்பிட்ஃபயரின் மிதவைக் கார்புரேட்டர் திணறி எஞ்சின் இருமுவதும், நேரடி எரிபொருள் ஊசி கொண்ட 109இ சலனமில்லாமல் பாய்ந்து இறங்குவதும் உண்டு. பிரிட்டனின் ஃபார்ன்பரோ விமான ஆய்வகத்தில் பொறியாளர் பீட்ரிஸ் ஷில்லிங் இதைத் தணிக்கத் தயாரித்த சிறு துளைத் தகடு 1941-இல்தான் வந்தது, ஆகவே 1940-இல் அந்தத் திணறல் இருந்தே ஆக வேண்டும்.

டிசிஎஸ்ஸில் ஒவ்வொரு தொகுதியும், அதாவது ஒவ்வொரு விமானமும், ஓர் உறைந்த கணம். ஸ்பிட்ஃபயர் +18, முஸ்டாங் பி-51டி 67 அங்குலம், கே-4 1.8 ஏடிஏ. அந்தந்த எண்களுக்கு அவை மிக நேர்மையானவை. கோளாறு, அவற்றை ஒரே வானத்தில் சேர்க்கும்போது வருகிறது. நார்மண்டி வரைபடம் 1944-ஐக் காட்டுகிறது. கே-4 போர்முனைக்கு வந்தது அந்த ஆண்டு அக்டோபரில். ஃபோக்கே-வுல்ஃப் 190 டி-9-உம் இலையுதிர்காலத்தில்தான். ஜூனில் அங்கே பறந்த 109-களில் பெரும்பாலானவை ஜி-6. முஸ்டாங் தொகுதியின் டி-25, டி-30 வகைகளும் கோடைக்குப் பிந்தியவை. ஆக, ஜூன் மாதத்துக் கடற்கரையின் மேல் குளிர்காலத்து விமானங்கள் சண்டையிடுகின்றன. அதிலும் ஜெர்மானியப் பக்கம் பிந்தைய காலத்தது, பிரிட்டிஷ் பக்கம் முந்தையது.

டிசிஎஸ்ஸையே வைத்திருப்பவருக்கு இரண்டு வழி உண்டு. ஜூன் 1944 வேண்டுமென்றால் ஃபோக்கே-வுல்ஃப் 190 ஏ-8, ஸ்பிட்ஃபயர் 9, மஸ்கிட்டோ எஃப்பி 6 ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கே-4, டி-9 வேண்டுமென்றால் போர்ப்பணியின் தேதியை 1944 நவம்பருக்குப் பிறகு வையுங்கள். மேகத்தையும் குளிரையும் அதற்கேற்ப மாற்றுங்கள். ஐஎல்-2வின் நார்மண்டி தொகுதியில் பிந்தைய ஜி-6, ஏ-6, பி-51பி, பி-47டி-22 என்று அந்தக் கோடைக்குரியவை வருகின்றன. ஜி-14, கே-4, டி-9, டெம்பெஸ்ட் எல்லாம் போடன்பிளாட்டே தொகுதியில், அவற்றுக்குரிய ரைன் நதிப் பக்கத்தில்.

இனி ஐஎல்-2வின் பெரிய குறை. இதை மறைக்க முடியாது. எஞ்சின் வரம்புகளை அது கடிகாரத்தை வைத்து நடத்துகிறது. 109 எஃப்-4-இல் 1.42 ஏடிஏ அவசர நிலைக்கு ஒரு நிமிடம், 1.30 போர் நிலைக்கு 30 நிமிடம். தாண்டினால் எஞ்சின் சேதமாகும். கையேட்டில் போட்ட நிமிட வரம்பு தேய்மானத்தைக் கருதி வைத்தது. அந்த நேரம் முடிந்ததும் பிஸ்டன் உடைந்துவிடும் என்று யாரும் எழுதவில்லை. ஐஎல்-2வில் குளிர்நீர் வெப்பம் சரியாக இருந்தாலும் நேரம் தீர்ந்தால் எஞ்சின் போய்விடும். நடைமுறையில் சமாளிக்க, அவசர நிலையைச் சிறு துண்டுகளாகப் பயன்படுத்துங்கள். இடையில், நேர வரம்பில்லாத தொடர் நிலைக்கு இறங்கினால் செலவான நேரம் மெல்லத் திரும்பும்.

டிசிஎஸ் இங்கே தெளிவாக வெல்கிறது. அங்கே எஞ்சினைக் கொல்வது வெப்பமும் தவறான கையாளலும். முஸ்டாங்கில் சக்தி கூட்டும்போது முதலில் ஆர்பிஎம் (நிமிடச் சுழற்சி), பிறகு அழுத்தம். குறைக்கும்போது முதலில் அழுத்தம், பிறகு ஆர்பிஎம். வரிசை தவறினால், குறைந்த சுழற்சியில் ஏறிய அழுத்தம் வெடிதட்டலைக் கிளப்பும். 67 அங்குலத்தில் மூக்கை உயர்த்தி மணிக்கு 150 மைலுக்குக் கீழே தொங்கினால் ரேடியேட்டருக்குள் போதிய காற்று புகாது. குளிர்நீர் 121 பாகையைத் தாண்டினால் எஞ்சின் இறுகிப்போகும். விமானியின் பின்னால் உள்ள 85 கேலன் தொட்டி நிறைந்திருந்தால் எடைமையம் பின்னே போய், இறுக்கித் திரும்பும்போது ஸ்டிக் தானாக உள்ளே ஓட முயலும். புறப்பட இடது இறக்கைத் தொட்டி, ஏறியதும் பின்தொட்டி, அதில் முக்கால் பங்கு எரிந்த பின் சண்டை. இந்த ஒழுங்கைக் கற்றுத்தருவதில் டிசிஎஸ்ஸுக்கு இணையில்லை.

ஸ்டிக் கனத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1940-இல் ஃபார்ன்பரோ, கைப்பற்றிய 109இ-ஐச் சோதித்தபோது மணிக்கு 400 மைலில் விமானி முழுப் பலத்தைக் கொடுத்தும், விமானத்தை உருளச்செய்யும் இறக்கைப் பரப்பான ஐலரானில் ஐந்தில் ஒரு பங்குதான் நகர்ந்தது. மேசைமேல் உள்ள ஜாய்ஸ்டிக் அந்தக் கனத்தைக் காட்டாது. அதனால் இரண்டு சிமுலேட்டர்களும் நாம் முழுக்க அசைத்தாலும் பரப்பைக் கொஞ்சமே நகர்த்துகின்றன. இதைப் பிழையென்று நினைத்து, ஜாய்ஸ்டிக் அசைவுக்குப் பரப்பு எவ்வளவு நகர வேண்டும் என்ற வளைவு அமைப்புகளைத் திருத்துபவர்கள் இருக்கிறார்கள். அதனால் குறைவேகத்தில் கட்டுப்பாடு கெடுவதுதான் மிச்சம். உருளும் வேகத்தை அமெரிக்க விமான ஆய்வு அமைப்பான நாக்காவின் அறிக்கை 868-இன் வரைபடத்தோடு ஒப்பிடுபவர், அது 50 பவுண்டு ஸ்டிக் விசைக்கும் 10,000 அடி உயரத்துக்கும் வரைந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

வேகத்தை நீங்களே சோதிக்கலாம். வெப்பநிலை 15 பாகை, அழுத்தம் 760 மில்லிமீட்டர், காற்று சுழியம். கடல்மேல் 50 மீட்டருக்குக் கீழே, எரிபொருள், நீங்கள் ஒப்பிடும் போர்க்காலச் சோதனை அறிக்கையில் (மூல அறிக்கையில்) உள்ள அளவுக்கு. த்ராட்டிலை நிலைநிறுத்தி, முள் அசையாமல் நிற்கும்வரை நேராகப் பறந்து குறித்துக்கொள்ளுங்கள். சற்றே இறங்கி வந்து சேர்த்த வேகம் கரைய நேரமாகும். அவசரப்பட்டால் எண் கூடுதலாக வரும். உயரத்தில் சோதித்தால் காட்டும் வேகத்தை 3,000 மீட்டரில் சுமார் 1.16 ஆலும், 6,000 மீட்டரில் 1.36 ஆலும் பெருக்குங்கள். அதிவேகத்தில் காற்றின் அமுங்குதன்மையால் உண்மை எண் இதைவிடச் சற்றுக் குறையும்.

ஐஎல்-2வில் விமானத்தின் விவரப் பக்கமே எந்த எஞ்சின் நிலையில் எந்த வேகம் என்று சொல்லிவிடுகிறது. அதோடு நேராக ஒப்பிடலாம். பொருந்தவில்லை என்றால் முதலில் ரேடியேட்டரைப் பாருங்கள். யாக், லாவோச்கின் போன்ற சோவியத் விமானங்களில் அதை நாமே மூட வேண்டும், திறந்தே விட்டால் வேகம் விழும். அடுத்து, மூல அறிக்கை முன்மாதிரி விமானத்துடையதா, ஆலையில் தொடராக வந்ததுடையதா என்று பாருங்கள். தொடராக வந்தவை பெரும்பாலும் மெதுவானவை.

இந்தத் தீர்ப்பு புரொப்பல்லர் காலத்துக்கு மட்டும். மிக்-15, எஃப்-86 என்று கொரியப் போருக்குப் போனால் எரிபொருள் தரத்தின் கேள்வியே மாறிவிடுகிறது. அங்கே டிசிஎஸ்ஸின் ஒற்றை வகை விமானங்கள் இவ்வளவு இடறுவதில்லை. 1942 முதல் 1945 வரை நாளும் களமும் பார்த்துப் பறக்க வேண்டுமென்றால் ஐஎல்-2வை எடுங்கள், கடிகாரத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு முஸ்டாங்கைக் கடைசித் திருகுவரை அறிய வேண்டுமென்றால் டிசிஎஸ்.